மட்டியையும் ஏத்தனையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? எல்லாக் கால, எல்லா எடைக் குத்துச்சண்டை வீரர்கள் பட்டியல்

மட்டிக்குலை:

போன ஞாயிற்றுக்கிழமை வடசேரியில் டீ குடிக்கப் போன இடத்தில் ஆரம்பித்த சண்டை இது. அங்கே தீரவில்லை, அதனால் இங்கே கொண்டு வருகிறேன். கூட இருந்த தம்பி ஒருவன் கேட்டான்: "ராபின்சன் ராபின்சன்னு உயிரை விடுதீங்களே அண்ணே, டைசன் முன்னால நின்னா ஒரு ரவுண்டு தாங்குவாரா?"

தாங்க மாட்டார். எதற்குத் தாங்க வேண்டும்? சுகர் ரே ராபின்சன் ஆண்டது 147 பவுண்டும் 160 பவுண்டும், அதாவது 66.7 கிலோவும் 72.6 கிலோவும். மைக் டைசன் 1986-ல் ஹெவிவெயிட் பட்டம் வென்றபோது சுமார் 100 கிலோ. எங்கள் வீட்டில் வாழைக்குலை வியாபாரம். ஏத்தன் பழம் ஒன்று தின்றால் ஒரு பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிடும். மட்டி விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் ஒரு குலை பழுத்துத் தொங்கினால் தெருவில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். கனத்தைப் பார்த்து மட்டி வாங்க வந்தவரை நான் இதுவரை கண்டதில்லை.

ஆக, என் கேள்வி "யார் யாரை அடிப்பான்" என்பதல்ல. எல்லாரையும் ஒரே எடைக்குக் கொண்டு வந்தால் யார் பெரியவன் என்பதுதான். நான் முதலில் பார்ப்பது அவன் யாரை ஜெயித்தான் என்பதை. அடுத்து, சொந்த எடையை விட்டு வெளியே போய் என்ன செய்தான் என்பதை. மற்றதெல்லாம் பிறகு.

என் பட்டியல்: ராபின்சன், ஹென்றி ஆம்ஸ்ட்ராங், ஹாரி கிரெப், ரொபெர்ட்டோ டுரான், முகமது அலி, வில்லி பெப், சாம் லாங்ஃபோர்ட், ஜோ லூயிஸ், மேனி பாக்கியாவ், ஃப்ளாய்ட் மேவெதர். முதல் இரண்டு இடத்துக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன், மற்றதற்கு அடி வாங்கத் தயார்.

ராபின்சன் 1943 தொடங்கி 1951 வரை 91 சண்டைகளில் தோற்கவே இல்லை. அதற்கு முன் அவரை முதன்முதலாகத் தோற்கடித்த ஜேக் லாமோட்டா அன்று அவரைவிட ஏழு கிலோ கூடுதல். அந்த லாமோட்டாவை மொத்தம் ஆறு முறை சந்தித்து ஐந்தில் ஜெயித்தார். கடைசி முறை, 1951 பிப்ரவரி 14-ல், 13-ஆவது ரவுண்டில் நடுவர் நிறுத்த வேண்டியதாயிற்று. லாமோட்டா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், விழ மட்டும் மாட்டேன் என்கிறார். வீடியோ கிடைக்கிறது, பாருங்கள்.

ஆம்ஸ்ட்ராங் ஒரே நேரத்தில் ஃபெதர் (126 பவுண்டு), வெல்டர் (147), லைட் (135) என்று மூன்று எடைக்கும் உலகச் சாம்பியனாக இருந்தவர், 1938-ல். அன்று மொத்தமே எட்டு எடைப் பிரிவுதான். எட்டில் மூன்றை ஒரே ஆள் வைத்திருந்தார்!


முட்டம்காரன்:

அலி ஐந்தாவதா? பழக்கடைக் கணக்கை எல்லாம் கடையோடு வையும் ஓய். 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. அதுவரை சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மன் தோற்றதே இல்லை. அலிக்கு வயது 32. ரவுண்டு ரவுண்டாகக் கயிற்றில் சாய்ந்து அடி வாங்கி, எட்டாவதில் அவரையே படுக்க வைத்தார். இதற்கு மேலே என்ன வேண்டும்?

1980-ல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். அப்போது அங்கே வேலை பார்த்த எங்கள் மாமா போய்ப் பார்த்தார். சண்டை எப்படி இருந்தது என்று கேட்டால் பதில் வராது. "கையை அசைச்சார்லே, கையை அசைச்சார்" என்பார், நாற்பது வருஷமாக அதே வாக்கியம்.


திங்கள்சந்தை:

எனக்குக் கணக்குதான் தெரியும். மேவெதர் 50 சண்டை, 50 வெற்றி. ராபின்சன் 19 தோல்வி. தோற்காதவன் பத்தாம் இடம், பத்தொன்பது முறை தோற்றவன் முதலிடம். என்ன தேர்வு முறையோ இது.

அப்புறம் பாக்கியாவ். 1998-ல் 112 பவுண்டில் உலகப் பட்டம், 2010-ல் 154 பவுண்டில் பட்டம். இடையில் 42 பவுண்டு, 19 கிலோ. எட்டு எடைப் பிரிவில் பட்டம் வென்ற ஒரே ஆள். "சொந்த எடையை விட்டு வெளியே போய் என்ன செய்தான்" என்று நீங்களே விதி வைத்துவிட்டு அவரை ஒன்பதாவதில் உட்கார வைப்பது அநியாயம்.


மட்டிக்குலை:

திங்கள்சந்தை அண்ணே, மேவெதருடைய ஐம்பதாவது வெற்றி யார் மேல் வந்தது? 2017-ல் கலப்புச் சண்டை (MMA) வீரர் கானர் மெக்ரெகர். அது அவருக்கு முதல் தொழில்முறைக் குத்துச்சண்டை. ஐம்பது என்ற எண்ணை நிரப்ப வந்தவர். ராபின்சன் 44 வயது வரை, 1965 வரை, ரிங்கில் நின்றார். மொத்தம் 170-க்கு மேல் வெற்றி. அந்த 19-ல் பெரும்பகுதி கால் தளர்ந்த பிறகு வந்தது. வில்லி பெப் 229 வெற்றி. அந்தக் காலத்தில் மாதம் இரண்டு சண்டை போட்டுத்தான் வீட்டு வாடகை கட்டினார்கள். தோல்வியே கூடாது என்று எதிராளியை வருஷம் முழுக்கத் தேடித் தேடித் தேர்ந்தெடுக்கிற வசதி அவர்களுக்கு இல்லை.

பாக்கியாவ் விஷயத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு 17-க்குக் குறையாத எடைப் பிரிவு, நான்கு பெரிய அமைப்புகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெல்ட் கொடுக்கிறது. ஆம்ஸ்ட்ராங் காலத்தில் பட்டங்கள் மிகக் குறைவு. அதோடு, அவர் வெல்டர்வெயிட் பட்டத்தைப் பார்னி ராஸிடமிருந்து பறித்தபோது வெல்டர் எடையிலேயே இல்லை. லைட்வெயிட் எடையோடு ஏறி, 15 ரவுண்டு துரத்தி அடித்தார்.


அறுபத்துநாலு கிலோ:

பட்டியலில் யார் எங்கே என்பது இருக்கட்டும். எடை எடை என்று எல்லாரும் சொல்கிறீர்கள், எடை எப்போது பார்த்தது என்று யாருமே கேட்கவில்லையே. நான் கொஞ்ச காலம் ரிங்கில் நின்றவன், அதனால் சொல்கிறேன்.

ஒரு போட்டி. இடமும் நடத்தியவர்களும் வேண்டாம். 64 கிலோ பிரிவு. முதல் நாள் இரவு வீட்டுத் தராசில் 64.7. ராத்திரி சாப்பாடு இல்லை. காலையில் நாலரை மணிக்கு மழைக்கோட்டுப் போட்டு, அதற்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, மாடியில் கயிறு தாண்டினேன். வியர்வை மழைக்கோட்டுக்குள்ளேயே ஓடி முழங்கையில் தேங்கும்; கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி வழியாகச் சொட்டும். எலுமிச்சைத் துண்டை வாயில் அடக்கி, ஊறுகிற எச்சிலை ஒரு தண்ணீர் பாட்டிலில் துப்பிக்கொண்டே பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த பாட்டி எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். அங்கே போனால் அரிசிக்கடையில் மூட்டை போடுகிற தராசு. அதில் 64.3. எதிர்த்துக் கேட்டால், "தராசு எல்லாருக்கும் ஒண்ணுதானே தம்பி". மறுபடியும் ஓட்டம், அப்புறம் மொட்டை அடிக்காத குறை. 64.0 காட்டியது. சாயங்காலம் சண்டை. முதல் ரவுண்டு நானா அவனா என்று போனது. இரண்டாவதில் கால் என்னுடையதாக இல்லை.

அதனால் சொல்கிறேன்: பழைய காலத்தில் சண்டை நாளன்றே எடை பார்த்தார்கள். 147 என்று எழுதினால் ரிங்கிலும் கிட்டத்தட்ட அந்த எடையில்தான் ஆள் நிற்பான். 1980-களில் அது முதல் நாளுக்கு மாறியது. இப்போது வற்றவிட்டு 147 காட்டி, இரவெல்லாம் தண்ணீரும் சோறும் ஏற்றி, மறுநாள் ஆறேழு கிலோ கூடுதலாக ஏறுகிறவர்கள் உண்டு. ஆக ராபின்சனின் வெல்டரும் இன்றைய வெல்டரும் பெயரில் மட்டும்தான் ஒன்று. 1982-ல் தென்கொரிய வீரர் கிம் டுக் கூ, அமெரிக்கர் ரே மன்சினியோடு 14-ஆவது ரவுண்டு வரை போய், சில நாளில் இறந்தார். அதற்குப் பிறகுதான் 15 ரவுண்டு 12 ஆனது. கடைசி மூன்று ரவுண்டில் சாம்பியன் தெரிவான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்த மூன்று ரவுண்டே இன்று இல்லை. இரண்டு காலத்து ஆட்களையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறபோது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.


முட்டம்காரன்:

அந்தப் பாட்டி நல்ல ஆளு.


சுவடு:

மட்டிக்குலை, உமது மூன்றாம் இடத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிரெப் போட்ட சண்டையின் படச்சுருள் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. பயிற்சியில் எடுத்த துண்டுப் படம் மட்டும் உண்டு. பார்க்காத ஆளை உலகத்தில் மூன்றாவது என்கிறீர். எப்படி?

கேட்டுவிட்டு நானே ஒரு பதிலும் சொல்கிறேன். எங்கள் தாத்தா தக்கலைப் பக்கத்தில் அடிமுறை என்கிற நம்மூர்த் தற்காப்புக் கலை ஆசான். அவர் ஆடி நான் பார்த்ததில்லை. எனக்கு விவரம் தெரிந்தபோது அவருக்குக் கண் மங்கி, தைலம் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு இருந்தார். அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்தது அவரோடு மோதியவர்களால்தான். வேறு ஊர் ஆசான் ஒருவர் துக்க வீட்டுக்கு வந்தபோது சொன்னார்: "உங்க தாத்தா என்னை அடிக்கல்லை. நான் காலை வைக்கப் போற இடத்துல அவர் கால் முன்னமே இருந்தது." தோற்றவர் வாயால் வந்த சாட்சி. அதற்கு மேல் எனக்கு வீடியோ வேண்டாம்.

கிரெப்புக்கும் அப்படி ஒரு சாட்சி உண்டு, ஜீன் டன்னி. பின்னால் 1926-லும் 1927-லும் ஜாக் டெம்ப்சியை இரண்டு முறை தோற்கடித்த ஹெவிவெயிட் சாம்பியன். அவர் வாழ்நாளில் தோற்றது ஒரே ஒரு சண்டை, 1922 மே 23-ல், கிரெப்பிடம். கிரெப் மிடில்வெயிட் (160 பவுண்டு) ஆள். டன்னி அவரைவிடப் பெரிய உடம்பு. மூக்கு உடைந்து, 15 ரவுண்டும் ரத்தம் ஒழுக நின்றார் டன்னி. அந்த அடிக்குப் பிறகு உட்கார்ந்து யோசித்து, மறுபடி மறுபடி கிரெப்போடு மோதித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டார். கிரெப் 13 வருஷத்தில் கிட்டத்தட்ட 300 சண்டை, அதில் பின்பகுதி ஒரு கண் பார்வை இல்லாமல். 1926-ல் 32 வயதில் போய்விட்டார்.

அதனால் மூன்றாம் இடத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நீர் காரணம் சொல்லாமல் விட்டது தப்பு.

இன்னொன்று. எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது கை அல்ல, சுவடு. காலை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது. ஒற்றைச் சுவடு தேறாமல் அடி கிடையாது. அந்தக் கண்ணோடு பெப்பைப் பாருங்கள். எதிராளி குத்தி முடிக்கும்போது அவர் பக்கவாட்டில் நின்று அடுத்ததை யோசித்துக்கொண்டிருப்பார். 1947 ஜனவரியில் விமான விபத்தில் காலும் முதுகும் உடைந்து, அதே வருஷம் ஜூனில் திரும்பி வந்து ஜெயித்தவர். நான் அவரை ஆறில் அல்ல, மூன்றில் வைப்பேன்.


திங்கள்சந்தை:

சுவடு ஆசானே, வர்மத்தில் குத்துச்சண்டைக்காரர்கள் அடிப்பது உண்டா?


சுவடு:

எங்கள் ஏட்டுக் கணக்கில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. கையுறை போட்ட கை அதையெல்லாம் குறிவைத்துத் தொடாது. ஆனால் 2004-ல் பெர்னார்ட் ஹாப்கின்ஸ், ஆஸ்கார் டெ லா ஹோயாவை ஒன்பதாவது ரவுண்டில் அடித்த இடது கை அடியைப் பாருங்கள். வலது விலாவுக்குக் கீழே, ஈரல் மேல். பார்க்கிறவனுக்குத் தட்டினது மாதிரி இருக்கும். டெ லா ஹோயா தரையைக் குத்திக் குத்தி எழப் பார்க்கிறார். தலை தெளிவாக இருக்கிறது, உடம்பு கேட்கவில்லை. எங்கள் தாத்தா பார்த்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், வெற்றிலையைக் கொஞ்சம் வேகமாக மென்றிருப்பார்.


குழித்துறை அக்கா:

பத்து ஆண்கள் பட்டியல் போட்டு, ஏழெட்டு ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறீர்கள். நல்லது. எடையை விட்டு வெளியே போனவர் யார் என்பதுதானே உங்கள் அளவுகோல்?

மேரி கோமுக்கு ஆறு உலகத் தங்கம், 2002 முதல் 2018 வரை. எல்லாம் 45, 46, 48 கிலோவில். 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்கள் குத்துச்சண்டை வந்தது. ஆண்களுக்குப் பத்துப் பிரிவு. பெண்களுக்கு மூன்றே மூன்று: 51, 60, 75. அவருடைய எடைக்கு இடமே இல்லை. நீங்கள் எல்லாம் எடை குறைக்கத்தான் எச்சில் துப்புகிறீர்கள். அவர் எடை ஏற்ற வேண்டியிருந்தது. தன்னைவிட உயரமானவர்களோடு நின்று வெண்கலம் வாங்கினார். 2007-ல் இரட்டைக் குழந்தை பெற்று, 2008-ல் மறுபடி உலகத் தங்கம். இந்தப் பட்டியலில் இருக்கிற எந்த ஆணுக்கு இது முடியும் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

தொழில்முறையில் வேண்டும் என்றால் கிளாரெஸ்ஸா ஷீல்ட்ஸ். மூன்று எடைகளில் எல்லா பெல்ட்டையும் ஒன்றாகக் கட்டியவர். தனிப் பட்டியல் போடாதீர்கள். "மகளிர் பகுதி" என்று கீழே ஒரு மூலை ஒதுக்கினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.


மட்டிக்குலை:

அக்கா, சரண். மேரி கோமைப் பட்டியலுக்குள் கொண்டு வருகிறேன். என் இரண்டாவது அளவுகோலுக்கு அவரைவிடச் சரியான உதாரணம் இல்லை, எனக்கே தோன்றாமல் போனது வெட்கம்தான்.

சுவடு சொன்னதுபோல் கிரெப்புக்குக் காரணம் சொல்லாதது என் தப்பு. லாங்ஃபோர்டுக்கும் அதே கதைதான். ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் மேல் உயரம். லைட்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட் வரை எல்லாரோடும் மோதினார். கறுப்பர் என்பதால் வெள்ளைச் சாம்பியன்கள் வாய்ப்புத் தரவில்லை. 1906-ல் அவரை வென்ற ஜாக் ஜான்சனோ, தான் சாம்பியன் ஆன பிறகு அவர் பக்கமே திரும்பவில்லை. உலகச் சாம்பியன் பட்டமே வெல்லாதவரை ஏழாவதில் வைத்தது அதற்காக.


திங்கள்சந்தை:

எல்லாம் தாத்தா காலத்து ஆட்கள். இப்போதைய தலைமுறையில் ஒருவர்கூட இல்லையா? உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கை எடுங்கள். 2018-ல் க்ரூஸர் எடையில் (200 பவுண்டு வரை) எல்லாப் பட்டமும். 2024 மே மாதம் டைசன் ஃப்யூரியோடு. ஃப்யூரி கிட்டத்தட்ட 119 கிலோ, உசிக் 101. ஒன்பதாவது ரவுண்டில் அந்த மலையைக் கயிற்றோடு கயிறாக ஆட வைத்தார். டெரன்ஸ் க்ராஃபோர்ட் 140, 147 இரண்டிலும் எல்லாப் பட்டமும் வாங்கி, 2025 செப்டம்பரில் 168-க்கு ஏறி கனேலோ ஆல்வாரெஸையும் ஜெயித்தார். ஜப்பானின் நவோயா இனோயே இரண்டு எடைகளில் அதே சாதனை. உங்கள் அளவுகோல் மூன்று பேருக்கும் பொருந்துகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இல்லை என்பதுதான் குறையா?


அறுபத்துநாலு கிலோ:

இதில் திங்கள்சந்தை பக்கம் நியாயம் இருக்கிறது. ஹெவிவெயிட்டுக்கு மேல் எல்லை இல்லை, அங்கே தராசே வேலை செய்யாது. 1897-ல் சாம்பியனான ஃபிட்ஸிம்மன்ஸ் சுமார் 76 கிலோ. 49 சண்டையும் ஜெயித்த மார்சியானோ சுமார் 84 கிலோ, இன்றைய க்ரூஸர் எல்லைக்கும் கீழே. அப்படிப்பட்ட இடத்தில் 18 கிலோ கூடுதல் உள்ளவனை ஜெயிப்பது ராபின்சன் செய்ததைவிடக் குறைவில்லை.


மட்டிக்குலை:

சரி, மாற்றிய பட்டியல். ராபின்சன், ஆம்ஸ்ட்ராங், கிரெப், பெப், டுரான், அலி, லாங்ஃபோர்ட், பாக்கியாவ், மேரி கோம், உசிக். லூயிஸை இறக்கியதில் எனக்கே வருத்தம். 25 முறை பட்டத்தைக் காத்தவர். ஆனால் 1941-ல் தன்னைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் குறைந்த பில்லி கான் 12 ரவுண்டு வரை அவரைத் தண்ணீர் குடிக்க வைத்தார். 13-ல் லூயிஸ் முடித்தார், உண்மைதான். இருந்தாலும் அந்த இரவில் எடைக்கு எடை பெரியவர் யார் என்று கேட்டால் என் விரல் கான் பக்கம் போகிறது. மேவெதர் ரசிகர்கள் மன்னிக்கவும். க்ராஃபோர்ட் வெளியே நிற்கிறார், கதவைத் தட்டிக்கொண்டு.


முட்டம்காரன்:

அலி ஆறாவதா!!! முதலில் ஐந்தாவது என்றுதானே சண்டை போட்டேன், இப்போது இன்னும் கீழே இறக்கிவிட்டீரே ஓய். அதுவும் டுரானுக்குக் கீழே. 1980 நவம்பரில் சுகர் ரே லெனார்டுக்கு முதுகைக் காட்டிப் "போதும்" என்று திரும்பிய ஆள் அவர்.


மட்டிக்குலை:

அதே லெனார்டை ஐந்து மாதம் முன்னால் மான்ட்ரியலில், தன் எடைக்கு மேலே போய், 15 ரவுண்டு அடித்தவரும் அவர்தான். 1989-ல் 37 வயதில் மிடில்வெயிட் பட்டம் வென்றவரும் அவர்தான். ஒரு கெட்ட இரவுக்காக முப்பது வருஷத்தைத் தள்ள முடியாது.


டைசன்தம்பி:

நான்தான் அந்த டீக்கடைத் தம்பி. இதற்காகவே கணக்குத் தொடங்கினேன். எனக்கு இப்பவும் டைசன்தான்.

ஆனால் ஒன்று கேட்கணும் அண்ணே. நீங்கள் சொன்ன ராபின்சன் வீடியோவைத் தேடும்போது வேறொன்று வந்தது. 1952 ஜூன், யாங்கி ஸ்டேடியம், ஜோயி மாக்சிமோடு, 175 பவுண்டு பட்டத்துக்கு. வெயில் 40 டிகிரி என்று போட்டிருக்கிறது. பத்தாவது ரவுண்டு முடிந்து நடுவரே தள்ளாடி வெளியே போய் வேறு நடுவர் வருகிறார். ராபின்சன்தான் முன்னால் இருக்கிறார். 13-ல் ஓங்கி ஒரு குத்து விடுகிறார், அது காற்றில் போகிறது, குத்தின வேகத்தில் அவரே முகங்குப்புற விழுகிறார். 14-க்கு மணி அடிக்கிறது, முக்காலியை விட்டு எழவில்லை. மாக்சிம் அவரைப் பெரிதாக ஒன்றும் அடிக்கக்கூட இல்லை.

ரெண்டு எடையில் பட்டம் வாங்கிவிட்டார். அப்புறம் எதற்கு அண்ணே அங்கே ஏறினார்?


மட்டிக்குலை:

மூன்றாவதும் வேண்டும் என்று நினைத்தார், தம்பி. ஞாயிற்றுக்கிழமை வா, டீ என் கணக்கு. டைசன் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் விழுந்த கதையையும் அப்போதே பேசி முடித்துவிடலாம்.